வார்டில் கேட்ட குறி

"நீ யாரும்மா?" என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து பக்கத்துப் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர்கள் நாங்கள். தறிக்குழியிலிருந்து ஏறும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஆனால் மயக்கம் தெளிந்து எழுந்தவர் வேறு யாரோ. விரலை நாக்கில் தொட்டு நனைத்து, போர்வையின் மேல் இல்லாத இழைகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார்.

நர்ஸ் அகல்யா களம்பூர்ப் பெண், பொறுமைசாலி. "பயப்படாதீங்கம்மா. மயக்கத்துக்குக் குடுத்த மருந்து, வலி, புது எடம் எல்லாம் சேர்ந்து சில பேருக்கு இப்பிடிக் குழம்பும். அநேகமா ரெண்டு மூணு நாள்ல தெளிஞ்சிடும், டாக்டரும் பாத்துகினுதான் இருக்காரு. மூக்குக் கண்ணாடியக் கழட்டாதீங்க. பகல்ல ஜன்னலத் தொறந்து வைங்க. நீங்க யாரு, இது எந்த எடம்னு நிதானமா சொல்லிகினே இருங்க. கேள்வி கேட்டு நோண்டாதீங்க. கூட்டமும் வாணாம்."

சொன்னபடி செய்தேன். "இது ஆஸ்பத்திரிங்க. நான் அபிதா." சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மதியத்துக்குமேல், "அபிதா, தண்ணி" என்றார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

கஞ்சி வைக்க வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் பாழ். என் நாத்தனார் அமுதவல்லி சந்தவாசலிலிருந்து ஒரு பட்டாளத்தோடு வந்து இறங்கியிருந்தாள். காற்று கருப்பு நுழையுமென்று ஜன்னலைச் சாத்தியாயிற்று. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெற்றி நிறைய விபூதி அப்பியாயிற்று. எங்கள் சனத்துக்கு, ஒருவன் தன் நினைவில்லாமல் பேசினால் அது அவன் பேச்சில்லை, உள்ளே யாரோ வந்து பேசுகிறார்கள். வந்தவரிடம் குறி கேட்டே ஆகவேண்டும்.

"யாரு தாயி வந்துகிற? எந்தம்பிய இந்த கதிக்கு ஆளாக்கினது யாரு?"

"அண்ணி, கேக்காதீங்க. நர்ஸம்மா வாணாம்னு சொல்லிகிறாங்க."

"நர்ஸுக்கு இன்னா தெரியும்? நீ சும்மா இரு."

அவர் கண்ணைச் சுருக்கி வாசல் பக்கம் பார்த்தார். கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் அவருக்கு எல்லாம் புகைதான். தூக்குவாளியோடு நின்ற என்னை நோக்கிக் கை நீண்டது.

"இவதான். சோத்துல இன்னாத்தையோ கலந்துட்டா."

கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை, தூக்குவாளியைப் பார்த்தார்கள். அகல்யா ஓடிவந்து, "மனசு குழம்பிப் பேசறாருங்க, நெசம் இல்ல" என்று எவ்வளவோ சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மறுபடி முதலிலிருந்து. கண்ணாடி, ஜன்னல், "நான் அபிதா." பேஜார் பிடித்த வேலை. யார் கலைத்தாலும் கோக்கவேண்டியவள் நான்தானே.

ஒரு காலையில் தெளிவாக விழித்தார். "அபிதா, தறியில பாவு நூலு அப்பிடியே கீதா? துணி போட்டு மூடு, எலி கடிச்சிடும்" என்றார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னார். நடுவில் நடந்த எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. அந்தமட்டில் தப்பித்தேன் என்று சிரித்துக்கொண்டே மாத்திரை வாங்கக் கீழே போனேன்.

திரும்பி வந்தபோது அமுதவல்லி அவர் காதருகே குனிந்து பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். நான் கஞ்சியை டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டிருந்தார். ஜன்னலும் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"அப்பால குடிக்கிறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் எதிரிலேயே ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி நீட்டினேன். போர்வையின் மேல் அவர் விரல்கள் எந்த இழையையும் தேடவில்லை. சும்மா கிடந்தன.