வெர்னன் போகும் வழி

"ஹெட்லைட்டைப் போடுங்க ஜூன் அத்தை. வெயில் அடிக்குதுதான். இருந்தாலும் போடுங்க" என்று காரின் கண்ணாடியைத் தட்டிச் சொன்னாள் ரோண்டா.

"போட்டுத்தான்டி இருக்கு. வாங்கின நாள்லேர்ந்து எரிஞ்சுகிட்டே இருக்கு. எனக்கு அணைக்கவே தெரியாது" என்றாள் அத்தை.

ரோண்டா நிமிர்ந்து சாலையைப் பார்த்தாள். போகிற கார், வருகிற கார் எல்லாவற்றிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் பட்டப்பகலில் நாலு கார் விளக்கோடு வந்தால் சாவு வண்டி வருகிறது என்று ஊருக்கே தெரியும். இப்போது உலகமே ஏதோ சாவுக்குப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அவள் அடுத்த காருக்குப் போனாள். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

ஹாட்லி ஈமச்சடங்கு இல்லத்தின் பக்கக் கதவைத் திறந்துகொண்டு கர்ட்டிஸ் ஹாட்லி வந்தான். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. நெஞ்சில் குத்தியிருந்த சின்னப் பெயர் வில்லை மட்டும் புதிது. ரோண்டாவின் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவன் அவன். அவனுடைய தாத்தாதான் ரோண்டாவின் தாத்தாவைப் புதைத்தார்.

"ரோண்டா, ஒரு நிமிஷம். இந்த வரிசையெல்லாம் வேணாம்."

"ஏன், நேரமாயிடுச்சா?"

"அதில்ல. ஊர்வலம் இப்பல்லாம் கிடையாது. அவங்கவங்க தனித்தனியாப் போயி கல்லறையில சேர்ந்துக்க வேண்டியதுதான். வழி எல்லாரோட போனுக்கும் போயிருக்கும் பாரு. பைபாஸ் வழி."

"யாரு சொன்னது?"

"கம்பெனி."

"எந்தக் கம்பெனி? வாசல்ல உங்க தாத்தா பேரு தொங்குது."

கர்ட்டிஸ் தன் காலணியைப் பார்த்தான். "பேரையும் சேத்துத்தான் வித்தோம். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்த வருஷம். ஊர்ல யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப நான் இங்க சம்பளக்காரன், ரோண்டா. ஊர்வலத்துல எவனாவது எவன் மேலயாவது இடிச்சான்னா இன்சூரன்ஸ்காரன் குடுக்க மாட்டானாம்."

"அப்ப அவங்க நம்பரைக் குடு. நான் பேசறேன்."

"பேசலாம். ஒரு பொண்ணு எடுக்கும், தங்கமாப் பேசும். அதுக்கு நம்ம ஊரு எந்த மாநிலத்துல இருக்குன்னு தெரியாது. நானே நாலு தடவை பேசிட்டேன்."

கோபம் வந்தால் யார் மேலாவது போய் விழ வேண்டும். எதிரில் நின்றவனோ அவளைவிட வாடிப்போய் நின்றான். ஷெரிஃப் அலுவலகத்தையும் அவள் முந்தின நாளே கூப்பிட்டிருந்தாள். சாவு வண்டிக்கு முன்னால் விளக்குச் சுழல ஒரு போலீஸ் கார் போவதுதான் கென்டக்கியில் இந்தப் பக்கத்து வழக்கம். ஆள் குறைத்துவிட்டார்கள், அந்த வேலையெல்லாம் நிறுத்தியாயிற்று என்று பதில் வந்தது. சொன்னவரும் நல்லவர்தான். உங்கப்பா வெர்னனைத் தெரியும், ரொம்ப வருத்தம் என்றார். நான்கு நாளாக அவளிடம் எல்லாருமே நல்லவர்களாகத்தான் பேசினார்கள். ஒருவராலும் ஒன்றும் முடியவில்லை.

அவளுடைய காரின் முன் இருக்கையில் அம்மா நார்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. ஊரில் இருந்த கண் மருத்துவமனையை நகரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி விலைக்கு வாங்கி, பிறகு மூடிவிட்டது. அதனால் அறுவை சிகிச்சை தள்ளிக்கொண்டே போனது. அம்மாவுக்கு இப்போது உருவம் தெரியும், முகம் தெரியாது.

வெர்னன் கண்ணை மூடிய காலையில் நார்மா அழவில்லை. பெட்டி எதுவானாலும் சரி, பூ எதுவானாலும் சரி என்றாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மெயின் ரோடு வழியாக் கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் நிப்பாங்க."

ரோண்டா சரி என்று சொல்லிவிட்டாள். அதில் கஷ்டம் என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தாள்.

வெர்னன் ஸ்டாம்பர், மாவட்ட நிர்வாகத்தின் சாலை லாரியை ஓட்டியவர். சரளை கொட்டுவது, பனி தள்ளுவது, ஓரத்துப் புல்லை வெட்டுவது எல்லாம் அவர் வேலை. எதிரே சாவு வண்டி வந்தால் லாரியை ஓரம் கட்டுவார். ஓரம் கட்டுவதை எல்லாரும்தான் செய்தார்கள். இவர் எஞ்சினையும் அணைத்து, இறங்கி, கடைசிக் கார் போகும்வரை நிற்பார். ரோண்டாவின் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் மணப்பெண் காத்திருக்க, அப்பா வரவில்லை. வழியில் ஒரு நீண்ட ஊர்வலம். யாருடைய சாவு என்று பிறகு கேட்டதற்கு, "தெரியாதும்மா. கேட்டுட்டா நிக்க முடியும்?" என்றார்.

அந்த மனிதருக்குத்தான் இப்போது பைபாஸ் வழி.

அவள் கர்ட்டிஸிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஒரு வெள்ளை டெலிவரி வேன் வளைவில் வேகமாகத் திரும்பி, வரிசையின் வாலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினான் டுவேன், அவள் தம்பி. வெள்ளைச் சட்டை, டை, அதற்கு மேல் பளபளவென்ற மஞ்சள் வேலைச் சட்டை.

"இதுலயாடா வந்தே, அப்பாவை எடுக்கிறதுக்கு?"

"வேற எதுல வரச் சொல்றே?" என்றான் டுவேன். "லீவு கேட்டேன்க்கா. குடோன்ல போயிக் கேட்டா, நீ எங்க ஆளே இல்ல, காண்ட்ராக்ட்காரன் ஆளுங்கிறான். அவன்கிட்டப் போனா, வேலை குடுக்கிற போன் ஆப்ல லீவுன்னு ஒரு பட்டனே இல்லங்கிறான். பாதிச் சாமான் பின்னாடி கிடக்கு."

"அப்பா சாகற அன்னிக்கும் நேரத்துக்கு வரல. சாயங்காலம் வந்து நின்னே."

"தெரியும்."

"மூணு தடவை உன் பேரைச் சொன்னாரு."

"தெரியும்க்கா. நீதான் தினம் சொல்றியே."

வேனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "நீங்கள் உங்கள் பாதையிலிருந்து விலகிவிட்டீர்கள். தயவுசெய்து பாதைக்குத் திரும்புங்கள்."

"யாருடா அது?"

"என் எசமானியம்மா. கொட்டாவி விட்டாக்கூடக் குறிச்சுக்குவா." டுவேன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "போலீஸ் வண்டி எங்க?"

"ஆள் இல்லையாம்."

"இருக்காதே. குடோன் வரட்டும்னு வரியை விட்டுக் குடுத்தாங்க. வரி இல்லாம போலீஸுக்கு எங்க போவாங்க? ஊருக்கு வேலை வரும்னாங்க, வந்துச்சு." தன் மஞ்சள் சட்டையைத் தொட்டுக் காட்டினான். "இதான் அந்த வேலை."

ரோண்டா கர்ட்டிஸ் பக்கம் திரும்பினாள். "கர்ட்டிஸ், அம்மாகிட்ட மெயின் ரோடுன்னு சொல்லிட்டேன். நீ போய் அவங்ககிட்ட சொல்லு, பைபாஸ்னு."

கர்ட்டிஸ் காருக்குள் உட்கார்ந்திருந்த நார்மாவைப் பார்த்தான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது ஞாயிறு வகுப்பில் அவனுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள்.

"மெயின் ரோட்ல மெல்லமா ஓட்டறேன்" என்றான் கடைசியில். "மெல்லமா ஓட்டக் கூடாதுன்னு எதுலயும் எழுதல. பின்னாடி நீங்க யாராவது வந்தா எனக்கென்ன தெரியும்? எனக்குப் பின்பக்கம் கண்ணா இருக்கு?"

அப்படித்தான் வெர்னன் கிளம்பினார். முன்னால் சவ வண்டி, அடுத்து ரோண்டாவும் அம்மாவும், பிறகு ஜூன் அத்தை, அதன் பின் சொந்தமும் சபை மக்களும், கடைசியில் வெள்ளை வேன்.

மெயின் ரோட்டில் நிற்பதற்கே ஆள் குறைவு. சாமான் கடை இருந்த இடத்தில் மூடிய ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. மருந்துக்கடை இருந்த இடத்தில் அதுவும் இல்லை. எதிரே ஒரு கார் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. ஓட்டியவர்கள் கெட்டவர்களாகத் தெரியவில்லை. பத்து மைல் வேகத்தில் போகிற இந்தக் கார்களுக்கு என்ன வந்தது என்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பின்னால் எவனோ ஹார்ன் அடித்தான். ரோண்டா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாராச்சும் நின்னாங்களா?" என்றாள் அம்மா.

"இப்பத்தானேம்மா திரும்பியிருக்கோம்."

சற்றுத் தள்ளி எதிர்ப்பக்கம் ஒரு வேன் வேகத்தைக் குறைத்தது. ஓரம் கட்டியது. நின்றேவிட்டது.

"ஒண்ணு நிக்குதுல்ல?" அம்மா கண்ணாடிப் பக்கம் சாய்ந்தாள். "வெள்ளையா ஏதோ தெரியுது. ஆள் இறங்கறாப்பல இருக்கே."

ஆள் இறங்கினான். கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஓடிப்போய் ஒரு வீட்டு வாசலில் அதை வைத்தான், போனை நீட்டிப் பெட்டியைப் படம் பிடித்தான், திரும்பி ஓடினான். சவ வண்டி அவனைத் தாண்டுவதற்குள் அவன் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டான்.

"இறங்கி நின்னானா?"

"ம். நின்னாம்மா."

"அப்படித்தான். உங்கப்பா எத்தனை பேருக்கு நின்னிருக்காரு." அம்மா திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தத் திருப்தியைப் பார்க்க முடியாமல் ரோண்டா சாலையையே பார்த்தாள். எழுபத்தெட்டு வயசுக் குருட்டுக் கிழவியிடம் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள். யார் வைத்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு முகம்கூட இல்லை.

மெயின் ரோடு முடிகிற இடத்தில், டுவேன் வேலை பார்க்கும் டெலிவரிக் கிடங்கின் சாலை குறுக்கே போகிறது. அதைத் தாண்டினால் குன்று, குன்றின் மேல் கல்லறை. முன்பு இங்கே சிக்னல் இல்லை. கிடங்கு வந்த பிறகு வைத்தார்கள். கிடங்குப் பக்கத்துக்கு நெடுநேரம் பச்சை. ஊர்ப்பக்கத்துக்கு ஒரு தும்மல் போடும் நேரம்.

சவ வண்டி கடந்தது. ரோண்டா கடந்தாள். அத்தையின் கார் பாதியில் இருக்கும்போதே சிவப்பு விழுந்தது. அத்தை பயந்துபோய் வேகமாக ஓட்டி வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் கிடங்கிலிருந்து புறப்பட்ட வேன்கள் வரிசையாகப் பாய்ந்தன. ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி, எல்லாம் ஒரே வெள்ளை. ஊர்வலம் அங்கேயே அறுந்தது.

கர்ட்டிஸ் குன்றின் ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டான். ரோண்டாவும் நிறுத்தினாள். கண்ணாடியில் பார்த்தாள். அந்தப் பக்கம் சொந்தக்காரர்களின் கார்கள் மாட்டிக்கொண்டு நின்றன. சிவப்பு மாறியது, இரண்டு கார் வந்தது, மறுபடி சிவப்பு.

"ஏன் நின்னுட்டோம்?" என்றாள் அம்மா.

"மத்தவங்க வரட்டும்மா."

அப்போதுதான் வாலில் இருந்த ஒரு வெள்ளை வேன் வரிசையை விட்டு வெளியே வந்தது. எதிர்த்தடத்தில் ஏறி எல்லாரையும் தாண்டி, சிவப்பில், நேராகச் சந்திக்கு நடுவே வந்து குறுக்காக நின்றது. பாய்ந்து வந்த வேன் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. அதற்குப் பின் இன்னொன்று, அதற்குப் பின் ஒரு பெரிய லாரி.

டுவேன் இறங்கினான். மஞ்சள் சட்டையைக் கழற்றி இருக்கையில் எறிந்தான். வேனின் மூக்குக்கு முன்னால் போய் நின்று, மாட்டிக்கொண்டிருந்த கார்களைப் பார்த்து மெதுவாகக் கையசைத்தான். ஒவ்வொன்றாக அவனைத் தாண்டி வந்தன. ஒருவன் ஜன்னலை இறக்கிக் கத்தினான். டுவேன் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசிக் காரும் வந்துவிட்டது. அவன் நகரவில்லை.

ரோண்டாவின் போன் அதிர்ந்தது. *அக்கா நீங்க ஆரம்பிங்க. நான் இங்கயே நிக்கிறேன்.*

அவள் இரண்டு முறை படித்தாள். அவன் வேலை போயிற்று. அப்பாவை இறக்குவதையும் அவன் பார்க்கப்போவதில்லை. 'வாடா' என்று எழுதினாள். அனுப்பாமல் அழித்தாள். காரைக் கிளப்பினாள்.

குழிக்குப் பக்கத்தில் பச்சைக் கூடாரம் போட்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தாள். டுவேன் தூக்க வேண்டிய மூலையில் கர்ட்டிஸ் தோள் கொடுத்தான். அதுவும் கூடாதென்று கம்பெனியில் ஏதாவது விதி இருந்திருக்கும். போதகர் வேதத்தைத் திறந்து சங்கீதத்தை வாசிக்கத் தொடங்கினார். இரண்டு வரி போவதற்குள் கீழேயிருந்து ஹார்ன் சத்தம் ஏறி வந்தது. ஒன்று, பிறகு பல. லாரியின் அடித்தொண்டைச் சத்தமும் சேர்ந்துகொண்டது. போதகர் நிறுத்தினார். சத்தம் அடங்குமென்று காத்திருந்தார். அடங்கவில்லை.

"என்ன சத்தம் அது?" என்றாள் நார்மா.

ரோண்டா குன்றின் விளிம்பைப் பார்த்தாள். கீழே கிடங்கின் வாசல்வரை வெள்ளை வரிசை அசையாமல் நின்றது. அதன் தலைமாட்டில் சின்னதாக ஒரு ஆள்.

"வண்டிங்கம்மா. நிக்குது."

"எல்லாமா?"

"எல்லாம்."

நார்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நிக்கிறவன் எதுக்கு ஹார்ன் அடிக்கிறான்?"

"பழக்கம் விட்டுப்போச்சும்மா."

அம்மா அதை யோசித்தாள். கைப்பையின் கொக்கியை ஒருமுறை திறந்து மூடினாள். பிறகு போதகர் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"அவசரமில்ல பாஸ்டர். முதல்லேர்ந்து வாசிங்க. நிக்கட்டும்."

போதகர் விரலை மேலே நகர்த்தி, முதல் வரியிலிருந்து, மெதுவாக ஆரம்பித்தார்.