மார்லிஸ் சொன்ன நன்றி

தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நாளன்று எங்கள் வீட்டில் வான்கோழியை வெட்டும் முன் ஒவ்வொருவரும் ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். என் மகள் மார்லிஸுக்கு முப்பது வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். சொல்லப்போவதை ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டிருந்தாள்.

என் தம்பி டுவேன் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டக்காரன் ஒருவன் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான்.

"மூளை வளராத ஜென்மம்!" என்று டுவேன் கத்தினான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என் வீட்ல இன்னொரு வாட்டி அந்த வார்த்தை வந்துது, தட்டைப் பிடுங்கிடுவேன்!"

"அட, அவனைத்தானே சொன்னேன் அக்கா. நம்ம மார்லிஸையா சொன்னேன்?"

டிவியை அணைத்தேன். எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மார்லிஸ் எழுந்து நின்றாள்.

"நான் மூளை வளராத ஜென்மம்தான். ஆனாலும் அம்மா என்னை வெளியே கூட்டிட்டுப் போறா. அதுக்கு நன்றி."

டுவேனை எரித்துவிடுவதுபோலப் பார்த்தேன். "இவன் உளர்றதையெல்லாம் மனசுல வெச்சுக்காதடி கண்ணு."

"மாமா இல்லம்மா, நீதான். முன்னாடி போற கார் மெதுவாப் போனா சொல்லுவியே. 'மூளை வளராத ஜென்மம், இதையெல்லாம் எதுக்கு வெளியே விடறாங்க'ன்னு."

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரியாச் சொன்னேனாம்மா?"

அடுத்து நன்றி சொல்ல வேண்டியது நான்.