காலையில் மட்டும் கறுப்பாகிற திரை

படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டதில் லேபிள் அக்காவுக்கு வலியைவிட எரிச்சல்தான் அதிகம். மாத்திரை டப்பா, சோப்புத்தூள் பாக்கெட், ஜாம் பாட்டில் என்று எதன் மேல் ஒட்டுவதானாலும் அச்சகத்தில் வரைவது அவள்தான். அதனால் வந்த பெயர். இப்போது மாவுக்கட்டோடு மூன்றாம் மாடியில் கிடக்கிறாள். கட்டடத்தில் லிஃப்டும் கிடையாது.

முதலாளி பார்க்க வந்தார். கட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு வந்த காரியத்துக்கு வந்தார்.

"உடம்பைப் பாத்துக்கம்மா. வெள்ளிக்கிழமை ஜாம் லேபிள் போயாகணும். வீட்லேர்ந்து பண்ண முடிஞ்சா பண்ணு. இல்லேன்னா ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கேன், உன் இடத்துல உக்கார வச்சிடுறேன். தப்பா நினைக்காத."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? அந்த மேசைக்காக அவள் எத்தனை வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி நாலு கடைகளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறவன். விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்றால் அவனுக்கு உயிர். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவிட்டுத்தான் கை கழுவுவான். அச்சகத்தையும் அப்படி மாற்றியவன் அவனே.

"வீட்ல இருக்கிற லேப்டாப் கிழடுடா, ஒரு படத்தைத் திறந்தாலே அதுக்கு மூச்சு வாங்குது," என்றாள் அக்கா.

"பிரவுசர் திறக்குதில்ல? அது போதும். வேலையெல்லாம் அச்சகத்து மெஷின் பாக்கும், உனக்கு அதோட திரை மட்டும் பிரவுசர்ல வரும். அஞ்சு நிமிஷ வேலைக்கா."

அவனுடைய அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அக்காவுக்குத் தெரியும். அச்சகத்துக்குப் போய்ப் போட வேண்டியதைப் போட்டுவிட்டு வந்தவன், மிச்சத்தை அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே முடிக்கிறேன் என்று ஆரம்பித்தான். பாதுகாப்புக்கு, வெளியாள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் வேண்டுமாம். அதைப் போட்டான். தான் உள்ளே போக ஒரு வழி விட மறந்து போட்டான். அந்த நிமிஷமே அவனையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது. மூக்கு உடைந்து மறுபடி அச்சகத்துக்கு ஓடினான். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சிரித்தால் கால் வலித்தது.

அன்று சாயங்காலம் எல்லாம் சரியாயிற்று. பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டதும் அவளுடைய அச்சகத்துத் திரை, அவள் அடுக்காமல் விட்ட குப்பையோடு அப்படியே பிரவுசரில் வந்து நின்றது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை திறந்தால் ஒரே கறுப்பு. தம்பி வேலை முடிந்து சாயங்காலம் வந்து பார்த்தால் பளிச்சென்று வருகிறது. "நீதான் எதையோ அமுக்கியிருப்ப," என்று பழியை அவள் மேல் போட்டுவிட்டுப் போனான். வியாழன் காலையும் கறுப்புதான். இந்த முறை அக்கா போட்ட சத்தத்தில் தம்பி லீவு போட்டுவிட்டு வந்தான். இருந்ததைக் கழற்றினான், மாட்டினான், தலையைச் சொறிந்தான். கடைசியில், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று மெஷின் எழுதிவைக்கும் இடத்தைப் போய்ப் பார்த்தான்.

"அக்கா, உன் பேர்ல யாரோ ஏற்கனவே உள்ள இருக்காங்க. ஒரே பேரை ரெண்டு தடவை உள்ள விட அதால முடியல. அதான் கறுப்பு. தினம் காலைல கடை திறந்ததும் வந்துடறாங்க."

அக்காவுக்குப் பகீரென்றது. அந்தப் புதுப்பெண் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டாளா? அச்சகத்தில் காகிதம் வெட்டும் கட்டிங் மாஸ்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"நான்தாம்மா அது," என்றார் மாஸ்டர், ஒன்றுமே நடக்காத மாதிரி. "வந்ததும் உன் பேரைப் போட்டு உன் திரையைத் திறந்து விட்டுடறேன். சாயங்காலம் வெளிய வந்துட்டு வீட்டுக்குப் போறேன்."

"பாஸ்வேர்டு எப்படித் தெரியும்?"

"கடையில யாருக்குத்தான் தெரியாது? நீதான் டைப் பண்ணும்போது முணுமுணுப்பியே."

"சரி, எதுக்கு மாஸ்டர் இந்த வேலை?"

"திரை எரிஞ்சா ஆளு இருக்கிற மேசை. அணைஞ்சு கிடந்தா காலி மேசை. காலி மேசையைப் பாத்தா முதலாளிக்குக் கை சும்மா இருக்காது."

பக்கத்தில் தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அவரை வெளிய வரச் சொல்லுக்கா, தயவுசெஞ்சு."

"வர மாட்டேன்," என்றார் மாஸ்டர் போனிலேயே. "திரை அணைஞ்சா இடம் போயிடும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

கெஞ்சியும் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள். மனுஷன் மசியவில்லை. தம்பி பெருமூச்சு விட்டான்.

"சரி, அங்க எரியிற திரையையே அப்படியே உனக்கு அனுப்பிடறேன். நீ இங்க பண்றது அங்கயும் தெரியும், அங்க யாராவது மவுஸைத் தொட்டா இங்கயும் நகரும். கூச்சமா இருந்தா சொல்லு."

கூச்சமாவது ஒன்றாவது. வெள்ளி காலை அக்கா தலையணையில் சாய்ந்து ஜாம் லேபிளில் இறங்கினாள். பழம் வந்தது, காம்பு வந்தது. அச்சகத்தில் ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் அதெல்லாம் தானாக முளைத்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கவே அவளுக்குக் குஷியாக இருந்தது. இலையைப் போடும்போது மவுஸ் அம்புக்குறி விலுக்கென்று மூலைக்கு ஓடியது. இழுத்து வந்தாள். மறுபடி ஓடியது.

போன் அடித்தது. மாஸ்டர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டாரு. உன் நாற்காலில உக்கார வச்சாச்சு."

பின்னாலேயே முதலாளி போனை வாங்கிக்கொண்டார். "அருமையா பண்றம்மா. அதான் வீட்லேர்ந்தே வருதே, இனிமே இந்த இடம் உனக்கு எதுக்கு? சும்மாதானே கிடக்கு."

அக்காவுக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. இத்தனை பாடுபட்டதற்கு இதுவா கூலி? போனை ஸ்பீக்கரில் போட்டு மெத்தையில் வைத்தாள். அம்புக்குறியை இழுத்துப் பிடித்து, ஜாம் என்று போட வேண்டிய இடத்தில், திரை நிறையும் அளவு பெரிய எழுத்தில் அடித்தாள்:

"தங்கச்சி, நான் இங்கதான் உக்காந்திருக்கேன். கொஞ்சம் தள்ளிக்கம்மா."

போனில் நாற்காலி தரையில் உரசும் சத்தம் வந்தது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு மேசை போடச் சொன்னார். கடைசியாக, எழுந்து நின்றுகொண்டு பேசுகிற மாதிரி ஒரு சின்னக் குரல் கேட்டது.

"சாரிக்கா. நீங்க இருக்கிறதைப் பாக்கல."