பின்சீட்டு ஆள்

செக்போஸ்ட் நோட்டில் இரண்டு பேர் என்று எழுதிவிட்டார்கள். வந்தது ஒரே ஆள். மலைக்குத் தனியாகப் போகிற வண்டிக்கு அங்கே அப்படித்தான் எழுதுவது, அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

வந்தவன் பெயர் சென்னியப்பன். கோபியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். மனைவி சுகந்தி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். எட்டு வயதில் ஒரு மகள், மிருதுளா. வருஷத்தில் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு, மகளை எதிர்வீட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இந்த ஜல்லி ரோட்டில் மலையேறி இறங்குவான். சுகந்தி இருந்தபோது இரண்டு பேருமாக வருவார்கள். இப்போது இவன் மட்டும்.

அன்றைக்குக் காலையில் கிளம்பும்போது மகள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயம். பயப்படாமல் என்ன செய்வாள், பாவம். அவள் அம்மாவும் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"பொழுது சாயறதுக்குள்ள வந்தர்றேன் அம்மிணி," என்றான்.

"வரலீன்னா?"

"வராம எங்க போறேன்?"

மலையில் டவர் கிடையாது. போனை மகளிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

போன வருஷம் இங்கே செக்போஸ்ட் கிடையாது, இந்த வருஷம் புதுசாக வந்திருந்தது. அதில் இருந்தவர் நஞ்சப்பன். காக்கிச் சட்டை, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, ரொம்ப மரியாதையான மனுஷன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சென்னியப்பன் தலையில் கறுப்பு ஹெல்மெட். வண்டியின் பக்கவாட்டுக் கொக்கியில் இன்னொன்று, மெரூன் கலர். சுகந்தியுடையது. அதைக் கழற்றக் கூடாது என்று மகள் உத்தரவு போட்டிருந்தாள்.

நஞ்சப்பன் ஹெல்மெட்டுகளை எண்ணினார். நோட்டில் இரண்டு என்று எழுதினார். கையெழுத்துக்காக நோட்டை இவன் பக்கம் திருப்பி வைத்தார்.

சென்னியப்பன் அதைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். ஒண்டியாகத்தான் வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வருஷமாகப் போகிற இடத்தில் எல்லாம் அவனை ஒன்று என்றுதான் எழுதினார்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு இலை. பஸ்ஸில் ஒரு டிக்கெட். எங்கோ ஒரு மலையடிவாரத்தில் ஒரு மனுஷன் இரண்டு என்று எழுதியதும் அவனுக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்துபோனது. பெயருக்கு அடியில் நீளமாக வால் இழுத்துக் கையெழுத்துப் போட்டான்.

ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவோம் என்றார் நஞ்சப்பன். ரோட்டின் குறுக்கே கிடந்த கட்டையைத் தூக்கினார்.

ஜல்லி ரோட்டில் தனியாக ஓட்டுவது லேசான வேலை இல்லை. பின்னால் பாரம் இல்லாவிட்டால் டயர் வழுக்கிக்கொண்டே போகும். முன் பிரேக்கைத் தெரியாமல் தொட்டால் ஆள் கீழே கிடப்பான். போன வருஷம் இதே ரோட்டில் இரண்டு தடவை விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு போனவன்தான் இவன்.

இந்தத் தடவை டயர் வழுக்கவில்லை. கேட்டைத் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் நான்கு விரல்கடை இறங்கியது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் எப்படி இறங்குமோ அப்படி. சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது கியரில் ஒரே சீராகப் போனான். கல் தெறித்தது, தூசி எழுந்தது, வண்டி மட்டும் அசையவில்லை. பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதிய போர்டு. பதினாலும் முடிந்ததும் உச்சி.

உச்சியில் மாதம்மாளின் டீக்கடை. அவன் ஒரு டீ கேட்டான். அவள் இரண்டு டம்ளர் வைத்தாள். கூட வந்தவங்களுக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டிருக்கிறேன் என்றாள்.

சர்க்கரை தூக்கலாகக் குடிப்பவள் சுகந்தி. அவன் தன் டம்ளரைக் குடித்து முடித்தபோது அடுத்த டம்ளரும் காலியாக இருந்தது. இங்கேயும் அவன் வாயைத் திறக்கவில்லை. பாறை மேல் மல்லாந்து படுத்து, வெயில் தாழும் வரைக்கும் சும்மா கிடந்தான். இரண்டு வருஷத்தில் அவன் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

மூன்றரை மணிக்குக் கீழே இறங்கினான். கட்டை போட்டிருந்தது. நஞ்சப்பன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"கூட வந்தவங்க எங்கீங்க?"

"யாரும் வரலீங்க. ஒண்டியாத்தான் வந்தேன்."

"நோட்டுல ரெண்டுன்னு இருக்குது. உங்க கையெழுத்து இருக்குது."

தப்பாக எழுதிவிட்டீர்கள் என்று இந்த மகராசன் இப்போதுதான் சொன்னான். நஞ்சப்பன் கோபப்படவில்லை. காலையில் சொல்லியிருந்தால் அடித்துவிட்டு ஒன்று என்று எழுதியிருப்பேனே என்று வருத்தப்பட்டார். நிறையப் பேர் சொல்லிவிடுவார்களாம். சொல்லாதவர்கள்தான் சங்கடப்படுகிறார்களாம்.

"ரெண்டாவது ஆளைக் காட்டுங்க. கட்டையத் தூக்கறேன்."

மகளுக்குச் சொன்ன நேரம் ஞாபகம் வந்தது. வாதாடினால் பொழுதுதான் போகும். வண்டியைத் திருப்பினான். மறுபடி ஏறும்போது அவனுக்கு இருந்தது பயம் மட்டும் இல்லை. இரண்டாவது ஆள் யாராக இருக்கும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு இருந்தது. சர்க்கரை தூக்கலாகக் குடிக்கிற ஆள். அந்த நினைப்பை அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

இப்போது டயர் வழுக்கியது. பின்பக்கம் லேசாகிவிட்டது. பதினாலாம் போர்டு வந்தது. அதற்குப் பிறகு உச்சி வரவில்லை. பதினைந்து என்று ஒரு போர்டு வந்தது. பிறகு பதினாறு. பெயின்ட் புதுசு. ஒரு திருப்பத்தில் மாதம்மாள் கடையைச் சாத்திவிட்டு எதிரே நடந்து வந்தாள். கூட வந்தவங்க இருபத்திரண்டாம் வளைவில் உட்கார்ந்திருக்கிறார்கள், சீக்கிரம் போங்கள் என்றாள்.

இருபத்திரண்டாம் வளைவில் ஒரு மைல்கல். அதன் மேல் ஒரு ஆண்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

சுகந்தி இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுச் சென்னியப்பன் மைல்கல்லுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தான்.

அந்த மனிதருக்கு இவன் வயதுதான் இருக்கும். ஒல்லி. வெயிலில் கறுத்த முகம். சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக் கும்பிட்டார். பெயரைக் கேட்டான். ஞாபகம் இல்லை என்றார். எப்படி வந்தீர்கள் என்றான். யாரோ ஒருத்தர் வண்டியில்தான் வந்தேன், அவர் மலையிறங்கிப் போய்விட்டார் என்றார். அதற்கு மேல் கேட்க நேரம் இல்லை. மெரூன் ஹெல்மெட்டை எடுத்து அவரிடம் கொடுத்தான். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் நான்கு விரல்கடை இறங்கியது. காலையில் இறங்கிய அதே அளவு.

இறங்கும்போது அந்த மனிதர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். பிள்ளை எத்தனாவது படிக்குது என்று ஆரம்பித்தார். மூணாவது என்றான். தோசை பிடிக்குமா, பூரியா என்றார். தோசை, ஓரம் முறுகலாக இருக்க வேண்டும் என்றான். எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றார். அம்மிணி என்றான். வீடு எந்தத் தெரு, கதவு எந்தப் பக்கம் திறக்கும், ராத்திரி எந்த விளக்கை அணைக்காமல் விட வேண்டும், எல்லாம் கேட்டார். இவனும் சொன்னான். பின்னால் இருந்து ஒரு குரல் பேசிக்கொண்டு வருவது அவனுக்கு அத்தனை ஆறுதலாக இருந்தது. தொலையட்டும், யார் குரலாக இருந்தால் என்ன என்று நினைத்தான்.

உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று பதிலுக்குக் கேட்டான்.

"ஒரு பையனுங்க. அவனுக்கு அப்பவே அப்பா வந்துட்டாரு," என்றார் அந்த மனிதர்.

சென்னியப்பனுக்குப் புரியவில்லை. ஒரு பெரிய கல்லைத் தவிர்ப்பதில் கவனமாக இருந்தான்.

மூன்றாம் வளைவில் அந்த மனிதர் தோளைத் தட்டினார். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சு, கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுங்களா என்றார். சென்னியப்பனுக்கும் கை கடுத்தது. இரண்டு பேரும் மாறி உட்கார்ந்தார்கள். சீட்டுக்குத் தகுந்தபடி ஹெல்மெட்டையும் மாற்றிக்கொண்டார்கள்.

மெரூன் ஹெல்மெட்டுக்குள் சுகந்தியின் தேங்காய் எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது. இரண்டு வருஷமாக அதைக் கொக்கியில் மாட்டி வைத்திருந்தானே தவிர ஒரு நாளும் தலையில் போட்டுப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். மூன்று வளைவும் எப்போது போனது என்று அவனுக்குத் தெரியாது.

கேட்டில் வண்டி நின்றது. மணி ஐந்து ஐம்பது. நஞ்சப்பன் வந்து இரண்டு பேரையும் விரல் நீட்டி எண்ணினார். திருப்தியாகத் தலையாட்டினார். முன்னால் இருந்தவரிடம் நோட்டை நீட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார். பெயருக்கு அடியில் நீளமாக வால் இழுத்தார்.

"நீங்க இறங்கிக்கங்க," என்றார் நஞ்சப்பன், சென்னியப்பனைப் பார்த்து.

அவன் இறங்கினான். இறங்கச் சொன்னால் இறங்குகிறவன்தானே. கட்டை மேலே போனது. வண்டி கிளம்பியது. கொக்கியில் ஒன்றும் இல்லை. அந்த மனிதர் திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் இவனும் பார்க்கவில்லையே.

கட்டை கீழே வந்தது.

"ரெண்டாவது ஆளைக் காட்டுனா விடறேன்னு சொன்னீங்க," என்றான் சென்னியப்பன்.

"காட்டச் சொன்னேனுங்க. கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லலீங்க. பின்சீட்டு ஆளு இங்கதான் இருக்கோணும்."

வண்டி என்னுடையது, வீடு என்னுடையது, மகள் என்னுடையவள் என்று கத்தினான். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார் நஞ்சப்பன். சந்தேகம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டையும் பேனாவையும் கொடுத்தார். சென்னியப்பன் கையெழுத்துப் போட்டான். பெயர் வந்தது. வால் வரவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்தான். மூன்று தடவையும் பேனா பெயரோடு நின்றுவிட்டது. நஞ்சப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்து, மன்னிச்சுக்கங்க என்றார்.

உள்ளே மேஜை மேல் ஒரு பழைய போன் இருந்தது. ஒரு தடவை பேசிக்கொள்ளச் சொன்னார். சென்னியப்பன் தன் நம்பரையே சுழற்றினான். கேட்டில் இருந்து கோபிக்கு ஒன்றேகால் மணி நேரம். வண்டி போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"யாருங்க?" என்றாள் மிருதுளா.

"அப்பா பேசறேன் அம்மிணி."

அந்தப் பக்கம் தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா இங்க இருக்காருங்க. தோசை ஊத்தறாரு."

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஆறுகூட ஆகவில்லை.

"எப்ப வந்தாரு?"

"இப்பத்தானுங்க. சொன்ன நேரத்துக்கு வந்துட்டாரு. அம்மா ஹெல்மெட்டத்தான் எங்கியோ தொலைச்சுட்டாராம். பரவால்லீன்னு சொல்லிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "இன்னைக்கு எங்கப்பா சிரிக்கறாருங்க."

சென்னியப்பனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அது நான் இல்லை, கதவைத் திறந்துகொண்டு எதிர்வீட்டுக்கு ஓடு என்று சொல்லலாம். சொன்னால் பிள்ளைக்கு அப்பா வராத சாயங்காலமாக அது ஆகிவிடும். ஒரு தடவை அப்படி ஒரு சாயங்காலத்தைப் பார்த்தவள் அவள். காலையில் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கை அவன் கண்முன் வந்தது.

"நீங்க யாருங்க?" என்று மறுபடி கேட்டாள்.

"ராங் நம்பருங்க," என்றான்.

போனை வைத்தான். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. நஞ்சப்பன்தான் மெதுவாக விரல்களைப் பிரித்துவிட்டார். இருட்டுவதற்குள் இருபத்திரண்டுக்குப் போய்விடச் சொன்னார். நாளைக்கோ அடுத்த வாரமோ எவராவது ஒண்டியாக வருவார்கள், இரண்டு என்று எழுதிவைக்கிறேன் என்றார். அவர்கள் திருத்தச் சொல்லாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நம் கையில் இல்லை என்றார்.

"அப்ப என் ஊட்டுக்குப் போயிரலாங்களா?"

"அவங்க ஊட்டுக்குத்தான் போகோணும். எந்த ஊடுன்னு நாம சொல்ல முடியாதுங்க."

சென்னியப்பன் மெரூன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அப்படியே ஜல்லி மேல் நடந்து மலையேறினான். பதினாலுக்குப் பிறகு பதினைந்து வந்தது. இருபத்திரண்டாம் வளைவில் மைல்கல் இன்னும் சூடாக இருந்தது. உட்கார்ந்தான். கீழே கோபிப் பக்கம் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்தது. அந்த வெளிச்சத்தில் எது தன் வீடு என்று கொஞ்ச நேரம் தேடினான். தெரு பெயர் ஞாபகம் வரவில்லை.

பிறகு, மறந்துவிடக் கூடாது என்று, கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிள்ளை எத்தனாவது படிக்குது என்று ஆரம்பிக்க வேண்டும்.