ஜாடியில் அறுபது

15-11-2003, சனி

நேற்று பதினோரு அழகிகள் வந்ததாக எழுதியது தவறு. பஸ்ஸில் வந்தவர்கள் பதினொருவர். இறங்கியவர்கள் ஒன்பது பேர்தான். நாற்றம் தாங்காமல் இருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள். மாலை வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் வேறு சிலவற்றையும் விட்டுவிட்டேன். அவசரம் என்பதும் முழு உண்மை இல்லை.

ஏதோ உலக அழகிப் போட்டியாம். தோளில் 'பூமியைக் காப்போம்' என்ற பட்டை, காலில் பளபளக்கும் தோல் செருப்பு. எங்கள் தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மரக்கன்று நட வந்தார்கள். இங்குள்ள மண்ணில் எதுவும் பிழைக்காது என்பதால் ஏலகிரியிலிருந்து செம்மண் கொண்டுவந்து குழிகளை நிரப்பியிருந்தோம். படம் எடுத்து முடிந்ததும் கன்றை அப்படியே சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

சுத்திகரித்த நீர் என்று காட்ட ஒரு ஜாடியில் கேன் தண்ணீரை ஊற்றி வைக்கும்படி மேனேஜர் கிருபானந்தம் சார் சொன்னார். ஊற்றினேன். ஒரு அழகி குடிப்பதற்காக டம்ளரை நீட்டினாள். ஜாடியைக் கண்டால் உப்பு மீட்டரை நீருக்குள் விட்டு அளவைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. கை தானாகப் போனது. "அறுபது" என்றேன்.

எங்கள் நிலையத்து நீர் ஒருநாளும் ஐயாயிரத்துக்குக் குறைந்ததில்லை. அங்கே பெருக்கும் அமிர்தவள்ளி அக்கா தினமும் நான் படிப்பதைக் கேட்பவர். மாதனூர் பக்கம் அவர் வீட்டுக் கிணறு உப்பாகி மூன்று வருடம் ஆகிறது.

"இன்னாம்மா ஜெனிஃபா, அறுபதுன்றே? கேன் தண்ணிய ஊத்திட்டு நம்ம தண்ணின்றாங்களா? என் கெணத்துல மொண்டு குடுக்கறேன், குடிக்கச் சொல்லு அந்தப் பொண்ண."

நிருபர்கள் சிரித்தார்கள். மொழிபெயர்த்தவர் என்ன சொன்னாரோ, அழகி கைகூப்பி அக்காவுக்கு வணக்கம் சொன்னாள், குடித்தாள்.

இன்று காலை கேட்டில் அக்காவை நிறுத்திவிட்டார்கள். விருந்தினர் முன் பொய் சொல்லிக் கம்பெனியை அவமானப்படுத்தியதாக நோட்டீஸ். திங்கட்கிழமை விசாரணை; பொய் என்று முடிவானால் வேலை போகும். சார் என்னைக் கூப்பிட்டு, ஜாடியில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லச் சொன்னார். தலையாட்டினேன்.

மதியம் அக்கா கேட்டுக்கு வெளியே இன்னும் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "உனக்கு இன்னும் பர்மனென்ட் ஆவல இல்ல?" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வகுப்பில் இன்று ஒன்றும் ஏறவில்லை. நடந்ததை நான் எழுதிக் கொடுத்தாலும் விசாரணையில் மதிப்பார்களா, தெரியாது.

நாளை ஞாயிறு. ஆராதனைக்கு முன், கேன் தண்ணீரை ஊற்றியது நான், ஊற்றச் சொன்னது சார், மீட்டர் காட்டியது அறுபது என்று தேதி, நேரத்தோடு இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒன்றை முதல் பஸ்ஸில் மாதனூர் போய், விசாரணையில் காட்ட அக்காவிடம் கொடுக்க வேண்டும்; மற்றது என்னிடம் இருக்கும்.