சா என்கிற சாரம்மாள்

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் முழுதாகச் சொல்ல வாய் வருவதில்லை. அண்ணாச்சி என்ற வார்த்தையில் அப்படி என்ன பாரம் இருக்கிறதோ, அதையும் பாதியில் போட்டுவிடுகிறார்கள். நன்றி சொல்லக் கட்டைவிரல் படம், செத்தவருக்கு மூன்று இங்கிலீஷ் எழுத்து. பேட்டையில் ரயில்வே கேட்டுக்குத் தெற்கே குடியிருக்கும் ஜோஷுவா தன் பெண்டாட்டி சாரம்மாளை ஓர் எழுத்தால் கூப்பிட்டே கொன்றான். பதினான்கு மாதம் பிடித்தது. கத்தி கிடையாது, விஷம் கிடையாது, கை ஓங்கியதுகூடக் கிடையாது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, நானும்தான்.

ஜோஷுவா தொழிற்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். படம், கலர் எதுவும் இல்லாத கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தாகக் கட்டளை அடித்து என்ட்டர் தட்டினால் எங்கேயோ இருக்கிற மிஷின்கள் வேலை செய்யும். தினமும் காலையில் ஒரே கட்டளையைத்தான் அடிப்பான். அறுபது எழுத்து, நடுவில் கோடும் புள்ளியும். ஒன்பது வருஷம் அடித்தான். பிறகு ஒருநாள், இடப்பக்கம் இரண்டே எழுத்தும் வலப்பக்கம் அந்த அறுபது எழுத்தும் எழுதி, இது என்றால் அது என்று மிஷினுக்குச் சொல்லிவைத்தான். அதற்குப் பிறகு இரண்டு எழுத்து அடித்தால் போதும். அதற்கு அலியாஸ் என்று பெயராம். போலீஸ்காரர்கள் ரவுடிகளின் பெயருக்கு நடுவில் போடுகிற வார்த்தை அது, நல்ல காரியத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகிய அனஸுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தான். சொல்லும்போதே ஒரு விதியும் சொன்னான்: மிஷினுக்கு ஏற்கனவே தெரிந்த கட்டளையின் பெயரைச் சுருக்கத்துக்கு வைக்கக் கூடாது, வைத்தால் எது நடக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மார்ச் மாதம் அது மிஷினை விட்டு வெளியே வந்தது. விளையாட்டுக்கு வீட்டு மிஷினில் 'டு' என்று இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் 'சர்க்கரை கம்மியா ஒரு டீ, கண்ணாடி கிளாஸ்ல, ஒரு உளுந்த வடை, பேப்பர்ல மடிச்சு' என்று எழுதி என்ட்டர் தட்டிவிட்டு, தெரு டீக்கடைக்கு வந்து 'டு' என்றான். கடைக்காரன் செந்தில்முருகனின் கை தானாகப் போய் டீயை ஆற்றியது, வடையை மடித்தது. "என் கை எனக்கு முன்னால போவுது வே," என்றான் செந்தில்முருகன். "போவட்டும், உமக்கும் வாய் மிச்சம், எனக்கும் வாய் மிச்சம்," என்றான் ஜோஷுவா. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. அடுத்த வாரமே அவன் வீட்டு வாசலில் ஆள் நின்றது. கீரை விற்கிற இசக்கித்தாய் எட்டு வகைக் கீரையின் பெயரையும் தெருத் தெருவாகக் கத்தித் தொண்டை போனவள்; அவளுக்கு 'கீ' போட்டுக் கொடுத்தான். அவள் முனையில் நின்று 'கீ' என்றால் பெண்கள் அவரவருக்கு வேண்டிய கீரைக்குப் பாத்திரத்தோடு வெளியே வந்தார்கள். சபை மூப்பர் தேவசிகாமணி முழு ஆராதனை முறையையும் ஓர் எழுத்துக்குள் போட்டு வாங்கிப் போனார். ஒரு கல்யாணம் பதினொரு நிமிடத்தில் முடிந்து, பந்தியில் சோறு வேகாமல் சண்டை வந்தது. செந்தில்முருகன் எனக்கு, 'அண்ணாச்சி, கடைக்கு வாங்க' என்பதற்கு, 'அ' என்று போட்டுவைத்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

சாரம்மாள் நாங்குநேரிப் பக்கத்துத் தமிழ் வாத்தியாரின் மகள். அப்பாவின் அத்தை பெயரை வைத்திருந்தார்கள். வாய் ஓயாத பெண். பேச ஆள் இல்லாவிட்டால் பாட்டு, பாட்டு இல்லாவிட்டால் அரிசியில் கல் பார்க்கும்போது கல்லோடு பேச்சு. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் புருஷனைப் பெயர் சொன்னதில்லை, 'ஏங்க' என்றுகூடக் கூப்பிட்டதில்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுவாள். ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுக்கிறானே என்று அவளும் ஒருநாள் கேட்டாள். "எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க. நான் சொல்லாமலே நீங்க வீட்டு வேலயச் செய்யணும்." அவன் சிரித்தான். "இடப்பக்கம் ஒரு பேரு வேணும்லா. என்னய நீ என்னன்னு கூப்பிடுத?" அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றாள். "அப்ப காலியா வச்சிருதேன்," என்று இடப்பக்கத்தை வெறுமனே விட்டு, அவள் சொல்லச் சொல்ல வலப்பக்கம் நாற்பத்தொரு வேலை எழுதி, வாயை அடைக்க என்ட்டரும் தட்டினான். மிஷின் காலிப் பெயரை ஏற்காது என்று அனஸ் பிற்பாடு சொன்னான். அன்றைக்கு ஏற்றுக்கொண்டது. ஆனால் எதுவும் நடக்கவில்லை. தூக்கத்திலும் பேசுகிறவள், அவள் சத்தம் இல்லாத நேரமே அந்த வீட்டில் கிடையாது.

அந்த வாரமே அவளுக்கும் சுருக்கம் போட்டான். 'சா'. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுகிறேன், பெயரில் அஞ்சு எழுத்து, ஒன்றாகக் குறைத்தால் வருஷத்துக்கு ஐம்பத்தெட்டாயிரம் எழுத்து மிச்சம் என்று டீக்கடையில் கணக்குச் சொன்னான். மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன செய்தான் என்றால், செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் தடவை அவன் கூப்பிட்டபோது அவள் இடதுகைச் சுண்டுவிரல் நகம் வளர்வதை நிறுத்தியது. அவள் அப்போதே சொன்னாள். "அந்த எழுத்துக்குத் தமிழ்ல தனியா ஒரு அர்த்தம் இருக்கு. எங்கப்பா கேட்டா கொதிச்சுப் போயிருவாங்க. சாரான்னாவது கூப்பிடுங்க." அவன் தலை நிமிராமல், "அது ரெண்டு எழுத்துல்லா," என்றான்.

சா, தண்ணி. சா, சட்டை. சா, ரிமோட் எங்க. இரண்டாம் மாதம் அவளுக்குப் பூண்டு வாசனை தெரியாமல் போனது, நான்காம் மாதம் உப்பு. ஆறாம் மாதம் கொசு அவளைக் கடிப்பதை விட்டுவிட்டது. அதையும் ஜோஷுவா லாபத்தில் சேர்த்துக்கொண்டான். எட்டாம் மாதம் கண்ணாடியில் ஊதினால் ஆவி படியவில்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, துடிப்பு ஒன்றுவிட்டு ஒன்று வருகிறது, மற்றபடி குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவள் அப்போதும் பேசினாள், பாடினாள், குரல் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. கீரை கொடுக்க வந்த இசக்கித்தாய் அவள் கையைத் தொட்டுவிட்டு என்னிடம் வந்து, "கை ஆத்துக் கல்லு மாதிரி கெடக்கு அண்ணாச்சி, ஒரு வார்த்த சொல்லுங்க," என்றாள். அடுத்தவன் பெண்டாட்டியை அவன் எப்படிக் கூப்பிட்டால் எனக்கு என்ன என்று இருந்துவிட்டேன்.

பதின்மூன்றாம் மாதம் அனஸ் வீட்டுக்கு வந்தான். அவன் உட்கார்ந்திருந்த கால்மணி நேரத்தில் ஜோஷுவா நாலு தடவை கூப்பிட்டான். நாலு தடவையும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அனஸ் பார்த்தான். "அண்ணே, ஏற்கனவே இருக்கிற கமாண்ட் பேர ஷார்ட்கட்டுக்கு வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லித் தந்தீங்க."

"அது மிஷினுக்குல."

"இது அதுக்கும் முந்துன கமாண்ட்ணே."

ஜோஷுவா எழுந்து போய் மிஷினில் இருந்த சுருக்கத்தை அழித்தான். பயன் இல்லை. அந்த எழுத்துக்கு அந்த வேலையை வைத்தது அவன் இல்லையே, அவன் அழித்தால் எப்படிப் போகும். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டான். பத்தொன்பது நாள் கையைத் தட்டிக் கூப்பிட்டான். அவளுக்கு நிறம்கூடக் கொஞ்சம் திரும்பியது. பிழைத்துக்கொள்வாள் என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். இருபதாம் நாள் மதியம் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள், "ஒருக்கா முழுசாக் கூப்பிடுங்க. வருஷத்துக்கு மேல ஆச்சு, கேக்கணும் போல இருக்கு." இவனுக்கும் மனசு இளகியிருந்தது. முழுப் பெயரைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தான். முழுப் பெயரும் அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருக்கும், வாத்தியார் மகள். ஆனால் அதை நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 'சா' என்றான். கரண்டி விழுந்தது. மீதி நாலு எழுத்தையும் பிணத்திடம் சொன்னான்.

வீடு அமைதியானது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜோஷுவா எழுந்து விளக்குமாற்றை எடுத்து, அவளைச் சுற்றிப் பெருக்கினான். துக்கத்தில் செய்கிறான் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். பெருக்கி முடித்துத் தண்ணீர் பிடித்தான், பாத்திரம் கழுவினான், மூப்பர் தேவசிகாமணி ஜெபம் பண்ணும்போது அவர் காலடியில் ஈரத்துணி போட்டுத் துடைத்தான். பெட்டியைத் தூக்கும் நேரத்தில், அந்தக் காலிப் பெயருக்கு எழுதிய பட்டியலில் ஏழாவது வேலை நடந்துகொண்டிருந்தது, மாவு அரைப்பது. கல்லறைக்கு அவன் வரவில்லை. நாற்பத்தொன்று முடிந்ததும் ஒன்றிலிருந்து தொடங்கியது. சாப்பிட்ட தட்டைக் கழுவுவது பட்டியலில் இருப்பதால் அவன் சாப்பிட வேண்டியிருந்தது. படுக்கை விரிப்பது முப்பத்தெட்டு, சுருட்டுவது முப்பத்தொன்பது. நடுவில் தூங்குவதை அவள் சொல்லவும் இல்லை, அவன் எழுதவும் இல்லை. அனஸ் இரண்டு தடவை வந்து மிஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓட்டி விட்டவங்கதான் நிறுத்தணும், அவங்க ஒரு சத்தம் குடுத்தாப் போதும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வருஷம் மூன்று ஆகிறது. தெருவுக்குப் பழகிவிட்டது. அவன் துணி காயப்போடுவதை வைத்து இசக்கித்தாய் மணி சொல்கிறாள். சில பெண்கள் புருஷன்மாரைக் கூட்டிவந்து ஜன்னல் வழியே காட்டிவிட்டுப் போகிறார்கள். நேற்று நானும் நின்று பார்த்தேன். ஜோஷுவா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, அவ பேரு என்ன," என்று கேட்டான். சொல்லலாம்தான். சொன்னால் யாருக்கு என்ன ஆகும் என்று தெரியாததால் சொல்லவில்லை. "பாத்தீங்களா, எப்படி அனுபவிக்குதான்," என்றாள் இசக்கித்தாய். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கை பொறுக்குகிறது, சரி. உள்ளே அவன் இன்னும் எத்தனை எழுத்து மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்.

வந்த வழியே நடந்தேன். டீக்கடையைத் தாண்டும்போது பின்னாலிருந்து செந்தில்முருகன் 'அ' என்றான். இடது கால் தானாகத் திரும்பப் பார்த்தது. நான் விடவில்லை.