சிடி அறை முற்றுகை

அவளை எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி இணைப்பறையில் வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. பகல் முழுக்க அடுத்தவர் குரலை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவாள். வீட்டுக்கு வந்த பிறகு தனக்கென்று ஒரு குரலைக் கேட்பாள். நாற்பது வயதுக்கு மேல் சட்டம் படிக்க ஆரம்பித்திருந்தாள். பாடப் புத்தகங்களை யார் யாரோ பொறுமையாக உரக்கப் படித்துப் பதிவுசெய்த சிடிக்கள், பார்வையற்றோர் சங்கத்தின் பின்பக்க அறையில், சுவர் சுவராக அடுக்கப்பட்டிருந்தன.

ஒரு நாள் சிடிக்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது சங்கத்தின் மேனேஜர் விஷயத்தைச் சொன்னார்.

“இந்த ரூமை மீட்டிங் ஹால் ஆக்கப்போறோம்மா. வெள்ளிக்கிழமை பழைய சாமான் வண்டி வருது. சிடியெல்லாம் போயிடும்.”

“அப்ப புத்தகம்?”

“ஒரு கம்பெனிகிட்ட குடுத்து எம்பி3 ஆக்கியாச்சு. இனிமே போன்லயே கேட்டுக்கலாம். சந்தோஷம்தானே?”

சந்தோஷம்தான். பென்டிரைவில் வாங்கிக்கொண்டு துள்ளாத குறையாக வீட்டுக்கு வந்தாள். போட்டுக் கேட்ட உடனே முகம் சுண்டிவிட்டது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று கம்பெனிக்காரர்கள் ஒலியை நசுக்கியிருந்த நசுக்கில், படிப்பவர் தொட்டித் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. சட்டப் பிரிவு அறுபதா எழுபதா என்று பிடிபடவில்லை. எல்லாக் கோப்புக்கும் ‘டிராக் ஒன்று, டிராக் இரண்டு’ என்றே பெயர். எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம் என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். போதாததற்கு, சமீபத்தில் யாராவது இரவல் வாங்கிய புத்தகங்களை மட்டும்தான் மாற்றியிருந்தார்கள். மற்றவை குப்பைக்கு.

மறுநாளே திரும்பிப் போய் நின்றாள்.

“சார், நாங்க ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டுக் கேக்கறவங்க. இதை அந்த வேகத்துல வச்சா வெறும் கொழகொழன்னு வருது.”

மேனேஜர் அலுத்துக்கொண்டார். “இது என்ன பாட்டுக் கச்சேரியாம்மா? வெறும் பேச்சு. உங்களுக்கு இது போதும்.”

“போதும்னு சாப்பிடறவங்கதான் சார் சொல்லணும். பரிமாறறவங்க இல்ல.”

சொல்லிவிட்டுக் குச்சியைத் தரையில் ஓங்கித் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள்.

சங்கத்தில் அவளுக்கு நெருங்கிய சிநேகிதர் ஒரு வக்கீல். அவருக்கும் பார்வையில்லை, அதே சிடிக்களைக் கேட்டுத்தான் வக்கீலானவர். போனில் கேட்டுவிட்டு, “மனு எழுதிக் குடுத்தா, பதில் வர்றதுக்குள்ள பழைய சாமான் வண்டி வந்துடும். நாமளே உக்காந்து மாத்திடுவோம். நாலு பேருக்கு நான் சொல்றேன்” என்றார்.

தம்பிதான் முரண்டு பிடித்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அக்கா அவன் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள்.

“உனக்கு எதுக்குக்கா ஊர் வம்பு? நாளைக்கே ஒரு உதவின்னா அந்த ஆள்கிட்டதான் போய் நிக்கணும்.”

“நிக்கறேன். வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணும்னு ஏதாவது இருக்கா?”

“உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா” என்று முணுமுணுத்தான். புது லேப்டாப்புகளில் சிடி போட இடமே கிடையாது என்பது அவனுக்குத்தான் தெரியும். பழைய சிடி டிரைவ்களுக்கு ஒயர் மாட்டி ஒரு பை நிறையக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

புதன்கிழமை காலை, ஆபரேட்டரும் வக்கீலும் அவர் சேர்த்த ஆட்களும் யாரையும் கேட்டுக்கொள்ளாமலே சிடி அறைக்குள் நுழைந்தார்கள். ஆளுக்கொரு பேசும் லேப்டாப், அது திரையைப் படித்துச் சொல்வதைக் கேட்கக் காதில் ஹெட்போன். உறைமேல் இருந்த பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் புத்தகத்தின் பெயரைப் படிப்பது, சிடியைத் துணியில் துடைத்து டிரைவில் வைப்பது, கம்ப்யூட்டர் அதை எம்பி3 ஆக்கி முடித்ததும் ஒவ்வொரு கோப்பின் ஆரம்பத்தையும் கேட்டு அத்தியாயத்தின் பெயரைத் தட்டுவது என்று வேலை சூடுபிடித்தது. ஒலியை எவ்வளவு சுருக்கலாம் என்பதில் மட்டும் வக்கீலுக்கும் ஆபரேட்டருக்கும் வாய்ச்சண்டை. போனில் இடம் வேண்டுமே என்றார் அவர். ஒரே பக்கத்தை மூன்று அளவில் சுருக்கி, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் காட்டினாள். “சரி தாயே, உன் கட்சிதான்” என்று இறங்கி வந்தார்.

மத்தியானம் மேனேஜர் வந்து கத்தினார். யாரும் எழுந்திருக்கவில்லை. “பெர்மிஷன் எங்க?” என்றார். “நாங்க இந்தச் சங்கத்து மெம்பர்ங்க சார். இது எங்க புத்தகம்” என்றார் வக்கீல், ஹெட்போனைக் கழற்றாமலே.

சாயங்காலம் அலுவலகம் மூடும் நேரம். ஜன்னல் இல்லாத அறை. வாசலில் செருப்புச் சத்தம் வந்து நின்றது. டக்கென்று ஒரு ஒலி. மூலையில் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்த தம்பி, “ஐயோ, லைட்டை அணைச்சுட்டாரு!” என்று அலறினான்.

அந்த அறை முழுவதும் சிரித்தது. வக்கீல் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“சார், கரன்ட் மிச்சமாச்சு, ரொம்ப நன்றி” என்றாள் ஆபரேட்டர். அவள் கை அடுத்த சிடியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது. இருட்டில் முழங்காலை இடித்துக்கொண்டவன் தம்பி ஒருவன்தான்.

செருப்புச் சத்தம் வாசலைவிட்டு நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. பாதிச் சுவர்கூட முடியவில்லை. ஆபரேட்டர் நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வக்கீல்.

“தூக்கி அந்தப் பக்கம் வையுங்கப்பா” என்றார் மேனேஜர், வண்டிக்காரரிடம்.

“எதை சார்? சிடியையா, அவங்களையா?” என்றார் வண்டிக்காரர். “சிடின்னா தூக்கறேன். அவங்க எந்திரிக்கட்டும், அப்புறம் சொல்லியனுப்புங்க.” வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் நாற்காலிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அவர் மூச்சு அவளுக்குக் கேட்டது. அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. அன்று மாலையே வக்கீல் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பேசி, மாத முடிவு வரை கெடு வாங்கினார்.

கெடுவுக்குள் எல்லாம் முடிந்தது, கீறல் விழுந்து உயிர் விட்டவை தவிர. அப்படிப் போனவற்றில் ஒன்று அவளுடைய சாட்சியச் சட்டப் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம். துடைத்தும் பார்த்தாள், வேறு டிரைவில் போட்டும் பார்த்தாள். வரவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. தம்பி அதைப் பார்த்தான். எங்கேயோ போய் அச்சுப் புத்தகத்தை வாங்கிவந்தான். கடையை மூடிவிட்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தான். ஒரு பக்கம் படிப்பதற்குள் நாக்கு நான்கு முறை தடுக்கியது. “இது என்ன எழவு வார்த்தை, வாய்லயே நுழைய மாட்டேங்குது” என்று அவன் திட்டியதும் அத்தியாயத்தோடு பதிவாகிவிட்டது.

அறை கடைசியில் மீட்டிங் ஹால் ஆனது. அதை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் புத்தகங்கள் முழுசாக, பெயரோடு, ஒவ்வொருவர் போனிலும் போய்ச் சேர்ந்திருந்தன. விஷயம் குழுவின் காதுக்கு எட்டி, நல்ல பிரதி எங்கே என்று கேட்டார்கள் போலிருக்கிறது. மேனேஜரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“எங்களுக்கும் ஒரு காப்பி குடும்மா. சங்கத்து வெப்சைட்ல, சங்கம் பேர்லயே போடறோம்.”

“தாராளமா எடுத்துக்குங்க. ஆனா முழுசையும் போடணும். பொறுக்கக் கூடாது, நசுக்கக் கூடாது. படிச்சுப் பதிவு பண்ணினவங்க பேரைத் தவிர வேற யார் பேரும் வரக் கூடாது.”

அவர் ஏற்கெனவே யாரிடமோ வாங்கிக் கேட்டிருக்கிறார் என்று அடுத்த பேச்சில் தெரிந்தது.

“சரி. ஆனா ஒரு அத்தியாயத்துல யாரோ திட்டறாரே. அதை மட்டுமாவது வெட்டிடலாமா?”

“அது என் தம்பி. வெட்ட முடியாது சார்” என்றாள். அதற்குள் தொலைபேசி போர்டில் மணி அடித்தது. வேறு யாருடைய அழைப்பையோ எடுத்து, “ஒரு நிமிஷம், இணைக்கறேன்” என்றாள். அவள் பையிலிருந்து எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்கை அவர் எடுத்துக்கொண்டு போனார், திட்டையும் சேர்த்து.